இரட்டைக் குழந்தைகளை இரவில் எங்கே படுக்க வைப்பது?

கேள்வி: எனக்கு 36-வது வாரத்தில் சிசேரியனில் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். பையன் 2.2 கிலோ, பெண் 1.9 கிலோ. இன்னும் சில நாளில் டிஸ்சார்ஜ். எங்கள் படுக்கையறை பத்துக்குப் பதினொரு அடி. அதில் ஆறேகாலுக்கு ஐந்தடி கட்டில் ஒன்று இருக்கிறது. கட்டிலோடு ஒட்டி மாட்டும் பெட்சைட் தொட்டில் வாங்கலாம் என்கிறார் கணவர். இருவரையும் ஒரே தொட்டிலில் போட்டால் கதகதப்பாகத் தூங்குவார்கள் என்கிறார் அம்மா. தூளி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் அறையிலேயே, உங்கள் கண்ணில் படும் இடத்தில், ஆளுக்கொரு படுக்கை. இரண்டும் சமதளமாக, கெட்டியாக இருக்க வேண்டும். விரிப்பைத் தவிர உள்ளே வேறு எதுவும் கூடாது. அந்தப் படுக்கை மரத் தொட்டிலா, பெட்சைட் தொட்டிலா, தரையில் விரித்த சிறு மெத்தையா என்பதெல்லாம் இதற்கு அடுத்த கேள்விதான்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், இரட்டையர்கள் பெரும்பாலும் முன்கூட்டியே, எடை குறைவாகப் பிறப்பவர்கள். மூக்கை ஒரு துணி மூடினால் தலையைத் திருப்பிக்கொள்ளும் பலம் அவர்கள் கழுத்துக்கு இல்லை. மூச்சு முட்டும்போது விழித்து அழும் அனிச்சைச் செயலும் முழுதாக வளர்ந்திருக்காது. இன்னொரு காரணம் பெற்றோரின் அசதி. பகலில் எல்லா விதியையும் கடைப்பிடிக்கிற வீட்டில்கூட, விடியற்காலை மூன்று மணிப் பாலின்போதுதான் குழந்தை பெரியவர்களின் படுக்கைக்கு வந்து சேர்கிறது. அதனால் எந்த ஏற்பாட்டையும் அந்த நேரத்துக்குச் சரிப்படுமா என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரே தொட்டிலில் இருவர்?

அம்மா சொல்வதில் பாசம் இருக்கிறது. ஆனால் அதனால் தூக்கம் பாதுகாப்பாகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. ஒருவர் கை மற்றவர் முகத்தில் விழலாம். இருவர் சூடும் சேர்ந்து உடல் அளவுக்கு மீறிச் சூடாகலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இரட்டையர்களுக்கும் தனித்தனிப் படுக்கையைத்தான் பரிந்துரைக்கிறது. பிரிட்டனில், உருளத் தொடங்காத வரை ஒரே பெரிய தொட்டிலில் பக்கம் பக்கமாகவோ எதிரெதிர் முனையிலோ படுக்க வைக்கலாம் என்று அனுமதிக்கிறார்கள். இரண்டாவது தொட்டில் வந்து சேரச் சில நாள் ஆகும் என்றால், நாலுக்கு இரண்டடித் தொட்டிலில் அப்படிச் சமாளிக்கலாம். சின்னக் கூடை, பேசினெட் எனப்படும் குட்டித் தொட்டில் இவற்றில் இருவரைப் போடவே கூடாது. இருவருக்கும் நடுவில் துண்டைச் சுருட்டி வைப்பதும் வேண்டாம்; அந்தத் துண்டே முகத்தை மூடும் பொருளாகிவிடும்.

பெட்சைட் தொட்டிலில் பார்க்க வேண்டியது

ஒரு பக்கம் தாழ்ந்து, கட்டிலோடு பட்டையால் பிணைக்கப்படும் இந்தத் தொட்டிலின் வசதி உண்மையானது. சிசேரியன் தையலோடு குனிந்து எழ வேண்டியதில்லை. ஆனால் நம் வீட்டுக் கட்டில்களோடு இது அடிக்கடி பொருந்துவதில்லை. தேக்குக் கட்டிலிலும் பெட்டி வைத்த கட்டிலிலும் மெத்தையைச் சுற்றி மரச்சட்டம் இரண்டு மூன்று அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டில் அந்தச் சட்டத்தில் முட்டி நின்றுவிடும். தொட்டிலுக்கும் உங்கள் மெத்தைக்கும் நடுவே கைப்பிடி அகலத்துக்கு ஒரு பள்ளம் விழும். குழந்தையின் உடம்பு அதில் நழுவி இறங்கினால் தலை மட்டும் மேலே மாட்டிக்கொள்ளும், மூச்சு நின்றுபோகும். அந்தப் பள்ளத்தில் தலையணையைத் திணித்து அடைப்பது இன்னும் மோசம்.

ஆகவே பணம் கொடுக்கும் முன் உங்கள் கட்டில் மெத்தையின் மேல்மட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், சட்டம் எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். மாட்டிய பிறகு நடுவில் ஒரு விரல்கூட நுழையக் கூடாது. தாழ்த்திய பக்கத்திலும் உள்மெத்தைக்கு மேல் ஒரு தடுப்பு எழுந்து நிற்க வேண்டும். ஐரோப்பியத் தரநிலை இதை 12 சென்டிமீட்டர் என்கிறது. பட்டை நாள்பட்டால் தளரும். தினமும் படுக்கும் முன் தொட்டிலை ஒருமுறை வெளிப்பக்கம் இழுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். உங்கள் போர்வையும் தலையணையும் அந்தப் பக்கம் நகராமல் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

உங்கள் நிலைமைக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். பெட்சைட் தொட்டில்கள் பொதுவாக 90 சென்டிமீட்டர் நீளம். இரண்டை ஒரே பக்கம் மாட்டினால் கட்டிலின் அந்தப் பக்கம் முழுவதும் அடைந்துவிடும். நீங்கள் கால்மாட்டு வழியாகத் தவழ்ந்து இறங்க வேண்டிவரும். பக்கத்துக்கு ஒன்று மாட்டினால் ஒரு குழந்தையின் பொறுப்பு கணவருடையது. அவர் ஆழ்ந்து தூங்குபவராக இருந்தால், அல்லது குடிக்கும் பழக்கம் இருந்தால், அது சரிவராது. எப்படியும் குழந்தை கையூன்றி எழத் தொடங்கியதும், அதாவது ஐந்தாறு மாதத்தில், இரண்டையும் ஓரங்கட்ட வேண்டியதுதான். அதே பணத்தில் நாலுக்கு இரண்டடியில் சாதாரண மரத் தொட்டில் இரண்டு வாங்கினால் இரண்டு வயது வரை உழைக்கும்.

பத்தடி அகலத்தில் கட்டில் ஐந்தடி. கணவர் படுக்கும் பக்கத்தைச் சுவரை நோக்கி நகர்த்தி அரையடி மட்டும் விடுங்கள். எதிர்ச் சுவரோரம் இரண்டு தொட்டிலையும் நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் எட்டடி நீளம், இரண்டடி அகலம் எடுத்துக்கொள்ளும். நடுவில் உங்கள் பக்கம் இரண்டரை அடி நடைபாதை மிஞ்சும். காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் இரண்டு குழந்தையும் கண்ணெதிரே. எடுத்துக் கொடுக்க வருபவருக்கும் நிற்க இடம் இருக்கும். அந்தச் சுவரில் ஜன்னல் திரைக் கயிறு, சார்ஜர் ஒயர், காற்று நேராக அடிக்கும் ஏசி எதுவும் வேண்டாம்.

தொட்டிலில் கம்பிகளின் இடைவெளி 6 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தடித்த குளிர்பான டின் உள்ளே நுழைந்தால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சின்னது. பக்கவாட்டை ஏற்றி இறக்கும் தொட்டிலில் கொக்கி கழன்று குழந்தை மாட்டிக்கொண்ட சம்பவங்களால் அமெரிக்காவில் 2011-லேயே அவற்றின் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். இங்கே இன்னும் கிடைக்கிறது. நான்கு பக்கமும் நிலையாக இருப்பதை வாங்குங்கள். ஆடும் தொட்டிலாக இருந்தால் தூங்கியதும் ஆடாமல் பூட்டும் வசதி வேண்டும். சொந்தக்காரர் வீட்டிலிருந்து வரும் பழைய தொட்டிலில் திருகாணி ஒன்று குறைந்தாலும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

மெத்தை விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கை பட்டால் பஞ்சுபோல் அமுங்குவதைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். இலவம்பஞ்சு மெத்தை குழந்தையின் தலையடியில் குழி விழுந்துவிடும். முகத்தைத் திருப்பினால் மூக்கு அந்தக் குழியின் ஓரத்தில் பதியும். தேங்காய் நார் மெத்தை அல்லது கெட்டியான ஃபோம் நல்லது. உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் தடம் நிற்காமல் உடனே நிமிர வேண்டும். மேலே இறுக்கிச் செருகிய பருத்தி விரிப்பு ஒன்று போதும்.

தூளி

மாமியாரிடம் இதைப் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் எல்லோரும் தூளியில் வளர்ந்தவர்கள்தான். இரண்டு கிலோ குழந்தையைப் பொறுத்தவரை பிரச்சினை இது: துணி வளைவதால் முதுகும் வளைந்து, தாடை மார்பில் வந்து முட்டும். குழந்தையின் மூச்சுக்குழாய் மென்மையானது, கழுத்து மடங்கினால் சுருங்கிவிடும். அழுகை வராது, இருமல் வராது, சத்தமில்லாமல் மூச்சு குறைந்துபோகும். இரண்டு பக்கத் துணியும் மூடிக்கொள்வதால் முகம் வெளியே தெரிவதும் இல்லை. சாய்வான படுக்கை எதிலும் இதே ஆபத்து உண்டு. சாய்வுப் படுக்கைகளில் குழந்தைகள் இறந்ததை அடுத்து, அமெரிக்காவில் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளின் விற்பனையை 2022-ல் சட்டம் போட்டே தடுத்தார்கள். கார் சீட், ராக்கர், ஊஞ்சல் எதில் தூங்க வைத்தாலும் இதே ஆபத்துதான்.

கழுத்து நிற்கும் வரை தூளியைத் தள்ளிப்போடுவது உத்தமம். அதன் பிறகும் இரவுத் தூக்கத்துக்கு வேண்டாம். பகலில் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆட்டி, அழுகை நின்றதும் எடுத்து மல்லாக்கத் தொட்டிலில் போடட்டும். ஒரே தூளியில் இருவர் என்ற பேச்சே கூடாது.

மூன்று மணிப் பால்

இந்த எடையில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பால் வேண்டும். ஒருவர் எழுந்தால் அடுத்தவரையும் எழுப்பிக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்குத் தூங்க இடைவெளியே கிடைக்காது. பகலில் இருவருக்கும் சேர்த்து ஊட்டலாம். இரவில் உடன் ஒருவர் முழித்திருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள், தனியாக இருந்தால் ஒருவர் பின் ஒருவராகவே கொடுங்கள். யு வடிவப் பால் தலையணையில் இருவரையும் சாய்த்தபடி நீங்கள் கண்ணயர்ந்தால் குழந்தைகள் முகம் குப்புற அதில் புதையும்.

உட்கார்ந்து கொடுக்க சோபாவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தூக்கம் வந்துவிடும் என்று தோன்றினால் சோபாவைவிடக் கட்டிலே ஆபத்து குறைவானது: சோபாவில் கைப்பிடிக்கும் உங்கள் உடம்புக்கும் இடையே குழந்தை சிக்கிக்கொள்ளும். கட்டிலில் நீங்கள் உட்காரும் பக்கத்திலிருந்து தலையணை, போர்வைகளை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். கண்ணயர்ந்து முழித்தால், முழித்த கணமே குழந்தையைத் தொட்டிலுக்கு மாற்றுங்கள். சிசேரியன் வலிக்குத் தூக்கம் வரவழைக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்களா என்று டிஸ்சார்ஜுக்கு முன் கேளுங்கள். அப்படிக் கொடுத்திருந்தால், இரவில் பால் முடிந்ததும் குழந்தையை வாங்கித் தொட்டிலில் போடும் வேலை வேறொருவருடையது.

தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் வந்ததும் எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கக்கினால் மூச்சில் ஏறிவிடுமே என்று பயந்து ஒருக்களித்துப் போடுகிறவர்கள் நிறைய. மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே இருக்கிறது. கக்கிய பால் தானாக மேலேறி மூச்சுக்குள் போக வேண்டியதில்லை. குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகிறது. ஒருக்களித்த குழந்தை எளிதில் குப்புற விழுந்துவிடும். பச்சிளம் குழந்தைகள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் குப்புறப் படுக்க வைத்ததை நீங்கள் பார்த்திருக்கலாம். அங்கே ஒவ்வொரு மூச்சையும் கருவி எண்ணிக்கொண்டிருந்தது.

தலை தட்டையாகுமே என்று கடுகுத் தலையணை வைக்காதீர்கள். தொட்டிலில் தலைமாட்டை ஒருநாள் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம் மாற்றினாலே போதும். குழந்தைகள் பெரும்பாலும் வெளிச்சமும் சத்தமும் வரும் திசையிலேயே திரும்பிக்கொள்வார்கள். அதனால் தட்டை ஒரே பக்கம் விழும். முழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்க, சிறிது நேரம் குப்புறப் போட்டுப் பழக்குங்கள்.

கதகதப்பு

எடை குறைந்த குழந்தைக்குச் சூடு வேண்டும் என்று அம்மா கவலைப்படுவது நியாயம். அதற்குப் போர்வையைவிட நல்ல வழி, கங்காரு பராமரிப்பு: உங்கள் மார்போடு தோல் படக் குழந்தையை நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டுவது. கணவரும் செய்யலாம், இருவர் இருப்பதால் ஆளுக்கொன்று. செய்யும்போது தூக்கம் வந்தால் பக்கத்தில் விழித்திருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டிலில் உங்களைவிட ஒரு அடுக்குத் துணி கூடுதலாகப் போட்டால் போதும். வயிறும் பாதமும் இரண்டுமே இளஞ்சூடாக இருந்தால் சரி. வயிறு சூடு, பாதம் சில்லென்று இருந்தால் குளிர்கிறது, இன்னொரு அடுக்கு போடுங்கள். கழுத்துப் பின்புறம் வேர்த்தால் ஒன்றைக் கழற்றுங்கள். குல்லாவைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் எடையைச் சொல்லிக் கேளுங்கள்; 1.9 கிலோ பாப்பாவுக்கும் அண்ணனுக்கும் பதில் வேறாக இருக்கலாம்.

கொசுவுக்கு, தொட்டிலுக்கு மேலே உயரமாகக் கட்டிய வலை. பரிசாக வரும் குடைவலைப் படுக்கைகளில் உள்ளே இருக்கும் மெத்தையும் தலையணையும் மெத்துமெத்தென்றிருக்கும், அதனால் இரவுக்கு ஒதுக்கிவையுங்கள். கழுத்துக் கயிறு, வசம்பு வளையல் இரண்டையும் தூங்கும் முன் கழற்றுங்கள். சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்தியும் அந்த அறையில் வேண்டாம். புகைபிடிப்பவர் இருக்கும் வீட்டில் தூக்கத்தில் மரணம் நேரும் ஆபத்து கூடுகிறது. மூச்சை அளக்கும் காலுறைக் கருவி விற்க வருபவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். அது ஆபத்தைக் குறைத்ததாக நிரூபணம் இல்லை. அலாரம் அடித்து உங்கள் தூக்கத்தைத்தான் கெடுக்கும்.

துணி சுற்றிப் படுக்க வைத்தால் இடுப்பும் காலும் மடங்க இடம் விட்டு, மார்பில் இரண்டு விரல் நுழையும்படி சுற்றுங்கள். உருள எத்தனிக்கும் முதல் அறிகுறியிலேயே அதை நிறுத்த வேண்டும். நான்கு வாரம் முன்பே பிறந்ததால் வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து அல்ல, மருத்துவர் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து கணக்கிடுங்கள். ஆனால் இருவரும் ஒரே நாளில் உருள மாட்டார்கள். முதலில் உருள்பவரைப் பார்த்து இருவருக்கும் நிறுத்திவிடுங்கள். தொட்டில் மெத்தையை முதலில் மேல்தட்டில் வைத்திருந்தால், ஒருவர் உட்காரத் தொடங்கும் முன்பே இரண்டு தொட்டிலிலும் கீழ்த்தட்டுக்கு இறக்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் இறக்கிவிடுங்கள், ஸ்பேனர் தேடும் வேலை ஒருமுறையோடு முடியும்.