காலிங்கராயர் என்றால் கலிங்கத்துக்காரரா?

முலுண்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவர் வீட்டில் எல்லோருக்கும் பெயருக்குப் பின்னால் 'காலிங்கராயர்'. கணவரின் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்து மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். மாமனாரைப் பள்ளியில் சேர்த்த அன்று 'ஆட்நாவ் காய்?', அதாவது குடும்பப் பெயர் என்ன, என்று டீச்சர் கேட்டிருக்கிறார். ஊரில் தன்னை எப்படிக் கூப்பிடுவார்களோ அதைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார் தாத்தா. மூன்று தலைமுறையாக அதுதான் குடும்பப் பெயர். இப்போது பையன் ஒன்பதாம் வகுப்பு. அடுத்த வருஷம் போர்டு பரீட்சைப் படிவம் வரும். இதற்கிடையில் கணவர் இணையத்தில் ஏதோ பெயர் வரைபடத்தைத் திறந்து பார்த்தால், மகாராஷ்டிரத்தில் மட்டும் புள்ளி வைத்திருக்கிறது, தஞ்சாவூர் காலி. தெரிந்தவர் மூலமாக வந்த ஒரு 'வம்சாவளி நிபுணர்', கலிங்கம் என்றால் ஒடிசா, நீங்கள் அங்கிருந்து வந்த ராஜ குடும்பம், 18 ஆயிரம் கொடுத்தால் முத்திரையோடு பத்திரம் போட்டுத் தருகிறேன் என்கிறாராம். வேறொரு ஏஜென்ட், இவ்வளவு நீளப் பெயர் எதற்கு, கெஜட்டில் 'ராவ்' என்று மாற்றிவிடலாம் என்கிறாராம்.

அவர் கேட்பது: நாங்கள் ஒடிசாக்காரர்களா? எங்கள் பெயர்க்காரர்கள் வேறு எங்கே இருக்கிறார்கள்? பையனுக்கு ராவ் போட்டுவிடலாமா?

ஒடிசா இல்லை. தஞ்சையிலும் கொங்கு நாட்டிலும் இருக்கிறார்கள், இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். ராவ் வேண்டவே வேண்டாம். அந்த 18 ஆயிரத்தைப் பையனின் டியூஷனுக்கு வையுங்கள்.

இனி விளக்கம். காலிங்கராயர் என்பது சாதிப் பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. பட்டம். கேலிக்கு வைக்கும் பட்டப்பெயர் அல்ல, அரசன் கொடுக்கும் பட்டம். சோழர் காலத்தில் ஒரு அதிகாரி மேலே வந்தால் அவருக்கு ஒரு பட்டம் சூட்டுவார்கள். மூவேந்தவேளான், பிரமராயன், பல்லவராயன், மழவராயன், சேதிராயன் என்று அது ஒரு பெரிய வரிசை. முன்னால் அரசனின் பெயரோ விருதோ, பின்னால் பட்டம். ராஜராஜன் காலத்துச் சேனாபதி கிருஷ்ணன் ராமனை 'மும்முடிசோழ பிரமராயன்' என்று கல்வெட்டு சொல்வது இப்படித்தான். பல்லவராயன் என்ற பட்டம் வாங்கியவர் பல்லவர் இல்லை, சேதிராயன் என்ற பட்டம் வாங்கியதால் ஒருவர் சேதி நாட்டிலிருந்து வந்தவர் ஆகிவிட மாட்டார்.

காலிங்கராயனும் அப்படியே. இந்தப் பட்டத்தோடு நமக்கு நன்றாகத் தெரிந்த மூத்தவர், முதல் குலோத்துங்கன், விக்கிரம சோழன் இருவரிடமும் இருந்த மணவிற் கூத்தன் காலிங்கராயன். நரலோகவீரன் என்பதும் அவர்தான். சிதம்பரத்தில் அவர் செய்த திருப்பணிகளையும், தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதி வைத்ததையும் கோயில் சுவரில் வெண்பாவாகவே பொறித்திருக்கிறார்கள். அவர் ஊர் எது? தொண்டை மண்டலத்து மணவில். ஒடிசா அல்ல. இன்னும் வேடிக்கை, 1110ஐ ஒட்டிக் கலிங்கத்தின்மேல் படையெடுத்துப் போய் ஜெயித்து வந்த கருணாகரனுக்கு இருந்த பட்டம் காலிங்கராயன் அல்ல, தொண்டைமான். பெயரை வைத்து ஊர் கண்டுபிடிக்கும் நிபுணரிடம் இந்த இரண்டு பேரையும் கொடுத்துப் பாருங்கள். தொண்டை நாட்டுக்காரரை ஒடிசாவுக்கும், கலிங்கத்தை ஜெயித்தவரைக் காஞ்சிபுரத்துக்கும் அனுப்பிவைப்பார்.

கொங்கு நாட்டுக் காலிங்கராயர் கதை வேறு. ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோடு, கொங்கு வேளாளரில் சாத்தந்தை குலம். பாண்டியருக்குக் கீழே கொங்கில் அதிகாரியாக இருந்தவர். பவானி ஆறு காவிரியில் கலக்கும் இடத்துக்குச் சற்று மேலே அணை கட்டி, அங்கிருந்து நொய்யல் வரைக்கும் சுமார் 90 கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டியவர். 1283ல் முடிந்ததாகச் சொல்கிறார்கள். இன்றைக்கும் அதில் தண்ணீர் ஓடுகிறது, மஞ்சளும் வாழையும் விளைகிறது. பாம்பு ஒன்று முன்னால் ஊர்ந்து வழிகாட்டியது, அதனால்தான் வாய்க்கால் அப்படி நெளிந்து நெளிந்து போகிறது என்று அங்கே பாட்டிமார் சொல்வார்கள். சொந்த நிலத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான் வெட்டினான் என்று ஊர் பேசியதால், என் குடும்பம் இந்தத் தண்ணீரைத் தொடாது என்று சத்தியம் செய்துவிட்டு, பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபோனார் என்றும் சொல்வார்கள். இங்கே ஒரு குழி இருக்கிறது, விழாதீர்கள். வெண்ணெய்க்குப் பேர் போன ஊத்துக்குளி திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. காலிங்கராயர் ஜமீன் அதுவல்ல, பொள்ளாச்சியை ஒட்டிய ஜமீன் ஊத்துக்குளி. தப்பான ஊத்துக்குளியில் போய் இறங்கி, ரயில்வே கேட் பக்கத்தில் நின்று எனக்குப் போன் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் தாத்தா தஞ்சாவூர் என்கிறீர்கள். அப்படியானால் வாய்க்கால் வெட்டியவர் உங்கள் பாட்டன் அல்ல. மனசு கஷ்டப்பட்டால் நான் என்ன செய்ய? தஞ்சைப் பக்கத்தில் கள்ளர் குடும்பங்களுக்கு நூற்றுக்கணக்கான பட்டங்கள் உண்டு. மழவராயர், வாண்டையார், சேதிராயர், தொண்டைமான், காலிங்கராயர் எல்லாம் அதில் அடக்கம். ந.மு. வேங்கடசாமி நாட்டார் 1923லேயே இந்தப் பட்டங்களைத் தொகுத்து அச்சில் போட்டுவிட்டார். அவர் பெயரில் இருக்கும் 'நாட்டார்' கூட அப்படி ஒன்றுதான். ஆகவே ஒரே பட்டம், இரண்டு வட்டாரம், இரண்டு சமூகம். பட்டத்தைக் காட்டி யாரும் சாதிச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சரி, வரைபடத்தில் தஞ்சாவூர் ஏன் காலி? இதைத்தான் மும்பைக்காரர்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். அந்த வரைபடம், பெயர் எங்கே பிறந்தது என்று காட்டுவதில்லை. எங்கே எழுதி வைக்கப்பட்டது என்றுதான் காட்டுகிறது. 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் இன்ஷியலும் பெயரும் மட்டும் ஆகிவிட்டது. ஒரத்தநாட்டில் ஒரு தெரு முழுக்கக் காலிங்கராயர்கள் இருந்தாலும் பட்டியலில் 'கோ. செல்வம், த/பெ கோவிந்தசாமி' என்றுதான் இருக்கும். கணினி அதைப் பார்த்து, இங்கே காலிங்கராயர் யாருமில்லை என்று சொல்லிவிடும். இங்கே மும்பையிலோ ஆட்நாவ், நாவ், வடிலாஞ்சே நாவ் (குடும்பப் பெயர், பெயர், அப்பா பெயர்) என்று மூன்று கட்டம். முதல் கட்டத்தைக் காலியாக விட்டால் சிவப்பு நட்சத்திரம் காட்டி, படிவம் நகரவே நகராது. ஊரில் உதிர்ந்த பட்டம் இங்கே படிவத்தின் கட்டாயத்தால் பிழைத்துக்கொண்டது. இந்த நாட்டில் ஏகப்பட்ட பேருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்பது அந்தப் படிவம் வடிவமைக்கிற மகானுபாவர்களுக்கு இத்தனை வருஷத்தில் ஒருவராவது சொல்லியிருக்க மாட்டார்களா? சொல்லியிருப்பார்கள். காதில் ஏறவில்லை.

இப்போது இந்த வம்சாவளி ஆட்களைப் பற்றி. போன வருஷம் செம்பூரில் ஒருவர் இப்படி வாங்கிய பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். லேமினேஷன், தங்க நிற ஓரம், நடுவில் இரண்டு சிங்கம் வாளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தமிழ்நாட்டு அரசர் முத்திரை என்றால் புலி, மீன், வில் என்று ஏதாவது இருக்க வேண்டும். இது பிஸ்கட் டப்பாவில் இருக்கும் சிங்கம். கீழே பன்னிரண்டு தலைமுறை வரிசையாகப் பெயர். கடைசி மூன்று இவர் சொன்ன பெயர்கள், அதற்கு மேலே ஒன்பதும் சோழ ராஜாக்கள், அதுவும் வரிசை மாறி. அப்பாவுக்கு முன்னால் பேரன் வருகிறார். அவர் அதைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருந்தாராம். நான் ஒன்றும் சொல்லவில்லை, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் இங்கே இவ்வளவு எழுதுகிறேன். எச்சிலை ஒரு குழாயில் துப்பி அனுப்புங்கள், எந்த அரச வம்சம் என்று சொல்கிறோம் என்பவர்களும் இதே கூட்டம்தான். எச்சிலில் பட்டம் கரைந்திருக்காது.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் இருப்பது மும்பை. தஞ்சாவூர், ராயர் என்ற இரண்டு சொல்லும் சேர்ந்தாலே இங்கே உள்ளவர்கள், 'அப்போ நீங்க தஞ்சாவூர் மராட்டா' என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்படிப்பட்டவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. 1676ஐ ஒட்டி சிவாஜியின் தம்பி ஏகோஜி தஞ்சாவூரைப் பிடித்தார். 1855 வரைக்கும் அவருடைய போன்ஸ்லே குடும்பத்து ராஜாக்கள் அங்கே இருந்தார்கள். அவர்களோடு வந்த படை வீரர்கள், கணக்கர்கள், பண்டிதர்கள் சந்ததி இன்றும் தஞ்சையிலும் கும்பகோணத்திலும் இருக்கிறது. அவர்களுடைய பெயர்கள் நிஜமாகவே மகாராஷ்டிரத்தில் பிறந்தவை. வீட்டில் ஒரு பழைய மாதிரி மராத்தி பேசுவார்கள், முலுண்டில் அதைப் பேசினால் காய்கறிக்காரர் திரும்பிப் பார்ப்பார். பழைய காகிதம் மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் இருக்கும். கும்பகோணத்தில் 'ராயர் வீடு' என்றால் பெரும்பாலும் மாத்வ பிராமணர் வீடு. இவர்களுக்கு வரைபடம் மகாராஷ்டிரத்தைக் காட்டினால் அது சரிதான். ஆனால் உங்கள் வீட்டில் பாட்டி மராத்தி பேசினாரா? பால் வாங்கக் கற்றுக்கொண்ட மராத்தி கணக்கில் சேராது. குலதெய்வம் எது? ஐயனார், வீரனார், காளி என்று பதில் வந்தால் இந்த விதிவிலக்கு உங்களுக்கு இல்லை. காலிங்கராயரில் இருக்கும் 'ராயர்', அரசர் என்று பொருள்படும் அரையர் என்பதன் இன்னொரு உருவம். ராவும் அந்த வகையறாதான் என்றாலும், ஒன்றுவிட்ட சொந்தத்தை வைத்துக் குடும்ப அட்டையில் பெயர் சேர்க்க முடியாது.

ஆகவே அந்த கெஜட் ஏஜென்ட்டுக்கு வருகிறேன். பெயர் மாற்ற மகாராஷ்டிர அரசிதழுக்கு இணையத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், நடுவில் ஆள் தேவையில்லை. ஆனால் தேவையே இல்லாத மாற்றம் எதற்கு? ராவ் என்று மாற்றினால் ஆதார், பான், பாஸ்போர்ட், பேங்க் என்று ஒவ்வொன்றாக வரிசையில் நிற்பது நீங்கள், ஏஜென்ட் இல்லை. அதைவிட முக்கியம், ஊரில் தாத்தா பெயரில் ஒரு குழி நிலம் பட்டாவில் ஒட்டிக்கொண்டிருந்தால்கூட, நாளைக்கு வாரிசு என்று போய் நிற்கும்போது 'காலிங்கராயர் பேரன் ராவ் எப்படி?' என்று தாசில்தார் ஆபீசில் கேட்பார்கள். பதில் சொல்ல மூன்று அஃபிடவிட் வேண்டும். போர்டு படிவத்தில் பையனின் பிறப்புச் சான்றிதழ், ஆதார் இரண்டிலும் எந்த எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதையே போடுங்கள். இரண்டும் வேறுபட்டால் இப்போதே, ஒன்பதாம் வகுப்பிலேயே, ஒன்றைத் திருத்திவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிய பெயரைப் பிறகு அசைப்பது பெரும்பாடு.

சொந்தக்காரர்களைத் தேடுவதற்கு வரைபடம் வேண்டாம். முதலில் ஊர்ப் பெயர் வேண்டும். மாமனாரிடம் தாத்தாவின் ரயில்வே பென்ஷன் புத்தகம் இருந்தால் அதில் சொந்த ஊர் எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. பழைய கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தால் லாட்டரி. அந்தக் காலத்துப் பத்திரத்தில் டிஸ்திரிக்ட், தாலுகா, கிராமம் எல்லாம் சொல்லி, 'இன்ன காலிங்கராயர் குமாரர் இன்ன காலிங்கராயர்' என்று தகப்பன் பெயரையும் சேர்த்து ஒரே மூச்சில் எழுதியிருப்பார்கள். ஊர் தெரிந்ததும் குலதெய்வக் கோயிலுக்குப் போங்கள். தலைக்கட்டு வரி வசூலிக்கும் நோட்டு ஒன்று அங்கே யாராவது ஒருவர் வீட்டில், மஞ்சள் பைக்குள் இருக்கும். எத்தனை குடும்பம், யார் எந்த ஊரில் என்று அதில் இருக்கும் விவரம் எந்த நிபுணரிடமும் கிடையாது.

அதுவும் கைக்கு வராவிட்டால் கல்யாணப் பத்திரிகை. சர்க்கார் காகிதத்தில் பட்டத்தை விட்டவர்கள் பத்திரிகையில் மட்டும் விடவே மாட்டார்கள். உங்கள் மாமனார் கல்யாணப் பத்திரிகை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கம் எனக்கு வேண்டாம். கடைசியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு, சித்தப்பா, பெரியப்பா, மாமன்மார் என்று ஊர்ப் பெயரோடு அடுக்கியிருப்பார்களே, அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.