"மேட்ச்சுக்கு வராதீங்க அப்பா"

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், பள்ளி ஹாக்கி அணியின் கோல்கீப்பர். எழும்பூர் மைதானத்தில் அவள் பேட் கட்டிக்கொண்டு இறங்கும்போது பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிடும். ஆட்டம் தொடங்கியதும் என்னையறியாமல் கேலரியிலிருந்து கத்துகிறேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் விட்ட கோல்களைப் பற்றியே பேசுகிறேன். போன வாரம், "இனிமே மேட்ச்சுக்கு வராதீங்க அப்பா" என்று சொல்லிவிட்டாள். மனம் ஒடிந்துவிட்டது. என்ன செய்யட்டும்?
- ஒரு தந்தை, அயனாவரம்

பதில்: உங்கள் பெருமையில் குறை ஏதும் இல்லை, ஐயா. கண் பட்டுவிடும் என்று அஞ்சிப் பிள்ளைகளை வாய்விட்டுப் பாராட்டாமலேயே வளர்த்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம்; மகளின் ஆட்டத்தைக் காண வேலையை ஒதுக்கிவிட்டு வந்து அமரும் தந்தை கிடைத்தது அவளுடைய பேறு. ஆனால், அந்தப் பெருமை அவள் காதில் கட்டளையாகத்தான் விழுகிறது.

தடுக்கும் அணியின் தவறுக்காக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பான பெனால்ட்டி கார்னரை எண்ணிப் பாருங்கள். உங்கள் மகளும் அவளுடன் நான்கு பேரும் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்க, அவள் அணியின் மற்றவர்கள் நடுக்கோட்டுக்குப் போய்விடுவார்கள். பந்து உள்ளே தள்ளப்பட்டு, கோலுக்கு முன்னுள்ள 'டி' எனும் வளைவின் விளிம்பில் நிறுத்தப்பட்டு, கோலை நோக்கிப் பாயும் அந்தச் சில விநாடிகளுக்குள், யார் முன்னே ஓடுவது, யார் கம்பத்தருகே நிற்பது என்பதை ஹெல்மெட் கம்பிகளின் இடையே பார்த்தபடி அவள்தான் குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும். அப்போது கேலரியிலிருந்து நீங்கள் "லெஃப்ட், லெஃப்ட்" என்று கத்தினால், எதிர்ப்புறம் இருக்கும் உங்களுக்கு இடது, அவளுக்கு வலது.

விட்ட கோல்களைப் பற்றி நீங்கள் சொல்லித்தான் அவள் அறிய வேண்டும் என்பதில்லை. முன்வரிசை வீராங்கனை தவறவிட்ட வாய்ப்பு மறந்துபோகும், கோல்கீப்பர் விட்டதோ பலகையில் ஏறிவிடும். இதே எழும்பூர் மைதானத்தில், 2023 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில், இடைவேளையின்போது 1-3 என்று பின்தங்கியிருந்த இந்திய அணி, மலேசியாவை 4-3 என்று வென்றது. மூன்று கோல் வாங்கிய பிறகும் ஆட்டம் மீதமிருக்கும் என்பதை உங்கள் மகள் பழகிக்கொள்ள வேண்டும். அதற்கு, பைக்கில் திரும்பும் வழியில் நீங்கள் அமைதி காப்பது பெரிதும் உதவும். அவளாகப் பேச்சை எடுத்தால் மட்டும் பேசுங்கள்.

அதே ஆண்டு பாகுவில் நடந்த உலகக் கோப்பை சதுரங்கப் போட்டியில், பிரக்ஞானந்தாவின் தாயார் நாகலட்சுமி ஓர் ஓரமாக அமர்ந்து, கண்கள் பனிக்கப் புன்னகைத்த படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மகனுடன் வெளியூர்களுக்குப் பயணித்துச் சமைத்துக் கொடுப்பவர் அவர். காய் நகர்த்துவதை மகனிடமே விட்டுவிட்டார். பெற்றோரின் பெருமை அதற்குமேல் பேச வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இன்றே மகளிடம், "நான் கத்தியது உனக்கு இடைஞ்சலாக இருந்திருக்கிறது, இனி கைதட்ட மட்டும் செய்கிறேன், வரட்டுமா?" என்று கேளுங்கள். "இப்போதைக்கு வேண்டாம்" என்றால் மனத்தாங்கல் கொள்ளாமல், வாசலில் இறக்கிவிட்டுத் திரும்புங்கள். வியர்வையில் ஊறிய பேடுகளையும் கையுறைகளையும் மொட்டை மாடியில் உலர்த்துவது, தளர்ந்த வார்களை மாற்றுவது என்று நீங்கள் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அவளுடைய ஆட்டத்தில் குறை ஏதேனும் உண்மையாகவே தென்பட்டால், போட்டி இல்லாத ஒரு நாளில் பயிற்சியாளரைத் தனியே சந்தித்துக் கேளுங்கள்.