பதின்ம வயதினரின் கிட்டப்பார்வையும் கண்ணின் குவிக்கும் திறனும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட வயதுப் பிள்ளைகளைப் பற்றியவை. கண் தசையின் களைப்பும் கண்ணின் நீளம் கூடுவதும் வெவ்வேறு நிலைமைகளாக இருந்தும் பல கடிதங்களில் அவை ஒன்றாகவே கருதப்பட்டிருப்பதால், முதற்கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் தர வேண்டியுள்ளது.

என் மகனுக்குப் பதினைந்து வயது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். மாலை வகுப்பு முடிந்து வரும்போது கடைப் பெயர்ப்பலகைகள் மங்கலாகத் தெரிவதாகச் சொல்கிறான். காலையில் அப்படி இல்லை. கண்ணாடிக் கடையில் கணினிப் பரிசோதனை செய்து மைனஸ் 1.25 என்றார்கள். கண்ணாடி வாங்கலாமா? (உவர்மலையிலிருந்து ஒரு தாய்)

உடனே வாங்க வேண்டாம். கிட்டவுள்ள எழுத்தை வாசிக்கும்போது கண் வில்லையைச் சூழ்ந்துள்ள பிசிர்த்தசை சுருங்குகிறது. அதனால் வில்லையைத் தாங்கும் நார்கள் தளர, வில்லை தடித்து அதன் சக்தி கூடுகிறது; கண் குவிப்பது என்பது இதுவே. தொலைவை நோக்கும்போது அதே தசை தளர வேண்டும். பாடசாலை, அதன்பின் தனியார் வகுப்பு, அதன்பின் கைத்தொலைபேசி என்று இடைவெளியின்றிக் கிட்டப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் சிலரில் அந்தத் தசை இறுகிய நிலையிலேயே நின்றுவிடுவதுண்டு. அப்போது தொலைவிலுள்ளவை மங்கித் தெரியும். இதைப் போலிக் கிட்டப்பார்வை என்பார்கள்.

உண்மையான கிட்டப்பார்வையில் மாறியிருப்பது பெரும்பாலும் கண்ணின் நீளம். வளர்ந்த ஒருவரின் கண் முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் நீளமுடையது. அது ஒரு மில்லிமீற்றர் கூடுதலாக நீண்டாலே இரண்டரை முதல் மூன்று டயொப்டர் (வில்லைச் சக்தியின் அலகு; மைனஸ் 1.25 என்பதும் இந்த அலகிலேயே) வரை கிட்டப்பார்வை ஏற்படும். நீண்டுவிட்ட கண் காலையிலும் நீண்டே இருக்கும் என்பதால், காலையில் தெளிவும் மாலையில் மங்கலும் என்று தாங்கள் எழுதியிருப்பது தசையையே சந்தேகிக்க வைக்கிறது. இரண்டும் ஒரே பிள்ளையில் சேர்ந்தும் வரலாம் என்பதால் இதை வைத்தே முடிவு செய்துவிடவும் கூடாது.

கணினிப் பரிசோதனை என்ற பலகைக்கு நம் ஊரில் அளவுக்கு மீறிய மதிப்பு இருக்கிறது. அந்த இயந்திரத்துக்குள் தெரியும் படம் கிட்டத்தில் இருப்பதாக உணரும் இளம் கண் தன்னையறியாமல் குவித்துக்கொள்ளும். ஆகையால் சிறுவர்களிலும் பதின்ம வயதினரிலும் அது மைனஸ் அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். அது கண்ணாடி எழுதுவதற்கான தொடக்கம் மட்டுமே. கண் வைத்தியரிடம் கூட்டிச் சென்று, சைக்குளோபென்டோலேற் போன்ற சொட்டு மருந்தால் தசையைத் தளர்த்திய பின்னர் அளக்கச் சொல்லுங்கள். அதன்பின் ஒரு நாள் வரை வாசிப்பு மங்கலாகவும் வெளிச்சம் கூச்சமாகவும் இருக்கும் என்பதால் பரீட்சைக்கு முதல்நாள் இதைச் செய்விக்க வேண்டாம்.

மருந்திட்ட பின்னர் மைனஸ் மறைந்துவிட்டால், மகனுக்குத் தேவை கண்ணாடி அல்ல, ஓய்வும் பழக்க மாற்றமுமே. அத்தகைய கண்ணுக்கு மைனஸ் வில்லையைக் கொடுத்தால் தொலைவைப் பார்ப்பதற்குக்கூட அது குவிக்க வேண்டிவரும், இறுக்கம் நிலைத்துவிடும். மைனஸ் மறையாமல் இருந்தால் தயங்காமல் கண்ணாடி அணியட்டும்.

உயர்தரம் படிக்கிறேன், வயது பதினேழு. அரை மணி நேரம் வாசித்தால் எழுத்துகள் ஒன்றோடொன்று கலக்கின்றன, நெற்றி வலிக்கிறது. வைத்தியசாலையில் 6/6 பார்வை என்றார்கள். என் குவிக்கும் திறன் குறைந்துவிட்டதா? (மூதூர் மாணவி)

அட்டையிலுள்ள 6/6 தொலைப்பார்வையை மட்டுமே அளக்கிறது. இரண்டு கண்களும் கிட்டத்தில் எவ்வாறு சேர்ந்து உழைக்கின்றன என்பதை அது சொல்லாது. குவிக்கும் திறனைப் பொறுத்தவரை உங்கள் வயதில் கையிருப்பு ஏராளம். வயதை 0.3ஆல் பெருக்கி 18.5இலிருந்து கழித்தால் வருவது அந்த வயதின் சராசரி என்பது நெடுங்காலமாகப் பயன்படும் ஒரு கணக்கு. பதினேழு வயதுக்கு அது 13.4 டயொப்டர். 33 சென்ரிமீற்றரில் புத்தகத்தைப் பிடித்து வாசிக்கத் தேவைப்படுவதோ மூன்று டயொப்டர்தான். ஆகவே களைப்புக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

மறைந்திருக்கும் தூரப்பார்வை, அதாவது தொலைவைத் தெளிவாகப் பார்ப்பதற்குக்கூடக் கண் குவிக்க வேண்டியிருக்கும் நிலை, ஒரு காரணமாகலாம். அதையும் சொட்டு மருந்திட்டே கண்டறிய முடியும். கடும் நோயொன்றின் பின்னரும், சில ஒவ்வாமை மாத்திரைகளாலும் குவிக்கும் திறன் உண்மையாகவே தளர்வதுண்டு. ஆயினும் நீங்கள் விவரிப்பது, இரு கண்களையும் மூக்கை நோக்கி உட்புறமாகத் திருப்பும் ஆற்றலின் குறைவை அதிகம் ஒத்திருக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும்போது சுகமாக இருக்கிறதா என்று பாருங்கள். பேனா ஒன்றை மெதுவாக மூக்கருகே கொண்டுவரும்போது பத்து சென்ரிமீற்றருக்கு முன்பே அது இரண்டாகத் தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது. இதற்குப் பயிற்சிச் சிகிச்சை உண்டு. ஒன்பது முதல் பதினேழு வயதினரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், சிகிச்சை நிலையத்தில் வாரந்தோறும் மேற்பார்வையுடன் செய்த பன்னிரண்டு வாரப் பயிற்சி, வீட்டில் பென்சிலைப் பார்க்கும் பயிற்சியைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது. பயிற்சியால் பலன் கிடைக்கும் கண் கோளாறுகள் மிகச் சில. இது அவற்றுள் ஒன்று.

பதின்மூன்று வயது மகளுக்கு ஒரே வருடத்தில் மைனஸ் 1.50 இருந்தது 2.75 ஆகிவிட்டது. பவரைச் சற்றுக் குறைத்துக் கொடுத்தால் கண் சோம்பலடையாது என்று உறவினர் சொல்கிறார். (சாம்பல்தீவு வாசகர்)

அந்த யோசனையை விட்டுவிடுங்கள். மலேசியப் பிள்ளைகளிடம் வேண்டுமென்றே பவரைக் குறைத்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. அவர்களுடைய கிட்டப்பார்வை முழுப் பவர் அணிந்தவர்களைவிட வேகமாகவே கூடியது. கண்ணாடி அணிவதால் கண் கெடுவதில்லை. கண் வளர்வதால் பவர் கூடுகிறது, அதற்கேற்பக் கண்ணாடி மாறுகிறது.

ஆனால் ஒரு வருடத்தில் 1.25 என்பது அலட்சியம் செய்யக்கூடிய வேகமல்ல. கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பதினைந்து வயதளவிலும், முக்கால்வாசிப் பேருக்குப் பதினெட்டளவிலும் அது நிலைபெறுகிறது. மகளுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருப்பதால் இப்போதே வேகத்தைத் தணிப்பது பயன்தரும். மைனஸ் 6ஐத் தாண்டிய கண்களில் விழித்திரை பிரியும் ஆபத்து மிகுதி. நாம் தவிர்க்க முயல்வது அதையே.

தணிப்பதற்கு இன்று வழிகள் உண்டு. குறைந்த செறிவுள்ள அத்ரோபின் சொட்டு மருந்து அவற்றுள் ஒன்று: 0.05, 0.025, 0.01 சதவீதச் செறிவுகளை ஒப்பிட்ட ஹொங்கொங் ஆய்வில் முதலாவதே கூடிய பலனைத் தந்தது. இதை வைத்திய நிபுணரே தொடங்க வேண்டும், அவரே நிறுத்தவும் வேண்டும். திடீரென விட்டால் பவர் மீண்டும் விரைந்து கூடலாம். ஓரப்பகுதியில் நுண்வில்லைகள் பதித்த சிறப்புக் கண்ணாடி மற்றொன்று. அதுவும் ஹொங்கொங்கில் இரண்டு ஆண்டுகள் சோதிக்கப்பட்டு, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிடும்போது கூடும் வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கியது. விலை அதிகம் என்பதால், முதலில் நிபுணரின் கருத்தைக் கேளுங்கள். எவ்வாறாயினும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து, பழைய சீட்டுகளைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.

வெளியில் விளையாடினால் கண்ணுக்கு நல்லது என்கிறார்கள். திருகோணமலை வெயிலில் இது நடக்குமா?

நடக்கும், வெயிலில் நிற்கத் தேவையில்லை. வகுப்பறைக்குள் வெளிச்சம் சில நூறு லக்ஸ் அளவே இருக்கும்போது, வெளியே மர நிழலில்கூட அது ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்த வெளிச்சமே கண் நீள்வதைக் கட்டுப்படுத்துகிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். சீனாவின் குவாங்சோவில் பாடசாலை நேரத்தோடு நாளாந்தம் 40 நிமிட வெளிப்புறச் செயற்பாட்டைச் சேர்த்தபோது, மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை பெற்றோர் 39.5 சதவீதத்திலிருந்து 30.4 சதவீதமாகக் குறைந்தனர் (2015). ஏற்கெனவே கண்ணாடி அணிந்த பிள்ளைக்கு இதன் பலன் குறைவு. தம்பி தங்கையருக்கே கூடுதல்.

நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் என்பது பொதுவான பரிந்துரை. இங்கே ஆறு மணி தாண்டியதும் இருட்டிவிடுகிறது. இரண்டரைக்குத் தொடங்கி ஆறுக்கு முடியும் வகுப்பு அந்த நேரத்தை முழுவதுமாக விழுங்கிவிடுகிறது. வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் இடையில் அரை மணி நேரம் பிள்ளைகளை முற்றத்துக்கு அனுப்பலாம், தொலைபேசி இல்லாமல். ஞாயிறு காலையில் டச்சு விரிகுடாக் கரையில் பந்தடிப்பதைப் படிப்பைக் கெடுக்கும் பழக்கமாக எண்ண வேண்டியதில்லை.

பொன்னாங்காணி, கரட், கண் பயிற்சி, நீல ஒளி வடிகட்டும் வில்லை: இவற்றால் பவர் குறையுமா?

குறையாது. கீரையும் கரட்டும் உயிர்ச்சத்து ஏ குறைபாட்டையும் மாலைக்கண்ணையும் தடுக்கும். நீண்ட கண்ணைக் குறுக்கா. நீல ஒளி வில்லையால் கண் களைப்புக் குறைகிறது என்பதற்கும் நம்பத்தக்க சான்றில்லை.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மட்டும் பார்வை மங்கி, கண் சிமிட்டியதும் தெளிகிறது.

அது கண்ணீர்ப்படலம் உலர்வதால் வருவது, கிட்டப்பார்வை அல்ல. மின்விசிறிக்கு நேரே அமர்ந்து படிக்காதீர்கள்.

பதினேழு வயதில் லேசர் சிகிச்சை செய்யலாமா?

இல்லை. பதினெட்டு வயது கடந்து, பவர் ஓர் ஆண்டாவது மாறாதிருக்க வேண்டும். லேசர் கருவிழியின் வளைவை மாற்றுகிறதேயன்றிக் கண்ணின் நீளத்தை மாற்றுவதில்லை. கண்ணாடியைக் கழற்றிய பின்னரும் விழித்திரைக்கான ஆபத்து அப்படியே இருக்கும். ஆகவே பவர் கூடியவர்கள், சிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும், கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது போன்ற ஒளியோ, திடீரெனக் கரும்புள்ளிகளோ, ஓரத்திலிருந்து மறைக்கும் நிழலோ தெரிந்தால் அன்றைய தினமே வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.