மளிகைச் சாமான், வாடகை மாதிரி அன்றாடத் தேவைகளுக்கும் ஜெபித்துவிட்டு, கடவுள் தருவார் என்று நம்பி இருக்கலாமா?

இருக்கலாம். நாங்கள் இருந்திருக்கிறோம். கேள்வியைப் பார்த்தால் உங்கள் வீட்டில் ஒருவர் ஜெபிக்கிறார், இன்னொருவர் "ஜெபம் வந்து வாடகை கட்டுமா?" என்று முறைக்கிறார் போலிருக்கிறது. எங்கள் வீட்டில் ஜெபித்தவர் என் மாமியார், முறைத்தவர் என் கணவர். நான் நடுவில் சமைத்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படித்துவிட்டு "எல்லாம் தற்செயல்" என்று சிலர் எழுதப்போகிறீர்கள். எழுதுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். மதம் மாற்றப் பார்க்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம். இந்தக் கதையில் உதவி செய்தவரே தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பவர்தான்.

மலேசியாவில், பினாங்கில் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் இருக்கிறோம். பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் பக்கத்து வீட்டில் தும்முவார்கள். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். 2020 மார்ச் 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் வேன் கீழே நின்றது. ஊழியர் சேமநிதியிலிருந்து மாதம் 500 வெள்ளி (ரிங்கிட்) வரை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். சொந்தமாக வேன் ஓட்டுகிறவருக்கு ஏது சேமநிதி? அரசாங்க உதவித்தொகை வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். வந்த வேகத்தில் போனது. வேன் தவணையை ஆறு மாதம் தள்ளிப்போட்டார்கள், வயிற்றை யார் தள்ளிப்போடுவது?

அப்படி இப்படி ஓட்டி 2021-க்கு வந்தால், ஜூன் 1 முதல் மறுபடியும் முழு அடைப்பு. இந்த முறை கையில் ஒன்றுமில்லை. அந்த மாதக் கடைசியில்தான் வெள்ளைக் கொடி விஷயம் நாடு முழுக்கப் பரவியது. கஷ்டப்படுகிறவர்கள் வீட்டு முன்னால் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும், பார்க்கிறவர்கள் சாமான் கொண்டுவந்து தருவார்கள். கணவர் பழைய பனியன் ஒன்றைக் கிழித்துத் தயாராகிவிட்டார். மாமியார் அதைப் பிடுங்கி அடுப்படித் துணியாக்கிவிட்டார்.

"கொடி கட்டினாத்தான் கர்த்தருக்கு நம்ம வீடு தெரியுமாடா?"

அவர் ஜெபிப்பதைச் சொல்ல வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்படியில் பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்காருவார். காது மந்தம், அதனால் சத்தமாகத்தான் வரும். ஆசீர்வாதம், ஐசுவரியம் என்றெல்லாம் கேட்கமாட்டார். "அப்பா, அரிசி நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வரும். எண்ணெய் அடி தட்டிடுச்சு. கேஸ் எப்ப நிக்கும்னு தெரியல. பேத்திக்கு ஆன்லைன் கிளாஸுக்கு ஒரு போன் வேணும்." கடைக்குப் போகும்போது நான் எழுதுகிற சீட்டே தோற்றுப்போகும். ஏன் மொத்தமாக ஒரு தொகை கேட்கக்கூடாது என்றால், வனாந்தரத்தில் கடவுள் அன்றாடம் தந்த மன்னா என்ற உணவை மறுநாளைக்கு எடுத்துவைத்தவர்களுக்குப் புழு பிடித்த கதையைச் சொல்வார்.

கேஸ் ஒரு நாள் சோறு பாதி வெந்துகொண்டிருக்கும்போது நின்றது. சிலிண்டரைச் சாய்த்துப் பார்த்தேன் (நீங்கள் செய்யாதீர்கள், ஆபத்து). நீல நெருப்பு ஓரத்தில் கொஞ்ச நேரம் முனகிவிட்டு அணைந்தது. அப்போது 14 கிலோ சிலிண்டர் 26 வெள்ளி 60 காசு, மாடிக்குக் கொண்டுவரக் கூலி தனி. வீட்டில் அவ்வளவு இல்லை. அரிசியை வடிகட்டி, சூடு ஆறும்வரை மூடிவைத்தால் வெந்துவிடாதா என்று மூடிவைத்தேன்.

சாயங்காலம் நடைபாதையில் இரும்பு உருளும் சத்தம். பக்கத்து வீட்டு அக்காவும் அவர் மகனும். மகன் கையில் சிலிண்டர்.

"உங்க அத்தை விடியக்காலையில கேஸ் கேக்குறது எங்க அடுப்படி வரைக்கும் வருதும்மா. சாமி மேல வரலாம்னா லிஃப்ட் வேற ரிப்பேர். எங்ககிட்ட ஒன்னு சும்மா இருக்கு, மாட்டிக்க."

மாமியார் ஆச்சரியப்படவே இல்லை. பையனை உட்கார வைத்துத் தேநீர் கலக்கச் சொன்னார். மறுநாள் ஜெபத்தில் கேஸ் இல்லை, அந்த அக்காவின் முட்டிவலி சேர்ந்திருந்தது. கணவர் மட்டும் விடவில்லை. "கொடிய வாசல்ல கட்ட வேணாம்னு சொல்லிட்டு தொண்டையில கட்டியிருக்கீங்கம்மா" என்றார். மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இதை நான் சபையில் சொன்னபோது ஒரு சகோதரர் திருத்தினார். அக்கா காதில் விழுந்து அவர் கொடுத்தார், இது விசுவாசத்தால் வந்ததாகாது, வேதம் சொல்கிறபடி அறைவீட்டுக்குள் (அதாவது தனியறைக்குள்) போய்க் கதவைப் பூட்டி ஜெபித்திருக்க வேண்டும் என்றார். ஐயா, எங்கள் வீட்டுக்கு வந்து அறைவீடு எங்கே இருக்கிறதென்று காட்டுங்கள். இதே சபையில்தான் தமிழ் ஆராதனையை மத்தியானம் இரண்டு மணிக்குத் தள்ளியிருக்கிறார்கள். ஆங்கில ஆராதனை முடிந்ததும் ஏர்கான் அணைந்துவிடும். வயதானவர்கள் பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு பிரசங்கம் கேட்கிறார்கள். அதைப் பற்றி எந்தச் சகோதரரும் வசனம் எடுத்துப் பேசிக் கேட்டதில்லை. சரி, அது வேறு விஷயம்.

என்னைத் திருத்திய அந்தச் சகோதரர் சாட்சிக்கு இழுத்தது ஜார்ஜ் முல்லரை. பிரிஸ்டலில் அனாதை இல்லம் நடத்தி, 10,000-க்கும் அதிகமான பிள்ளைகளைப் பராமரித்து, 1898-இல் இறந்தவர். யாரிடமும் பணம் கேட்கமாட்டார், ஜெபம் மட்டும்தான். உண்மைதான். ஆனால் அதே முல்லர், இன்ன நாள் இவ்வளவு வந்தது என்று வருஷா வருஷம் அறிக்கை அச்சடித்து வெளியிட்டவரும்கூட. அதைப் படித்தவர்களில் எத்தனையோ பேர் கொடுத்திருப்பார்கள். அதனால் கொடுத்தது கடவுள் இல்லை என்றாகிவிடுமா? பைபிளில் எலியா தீர்க்கதரிசி சாறிபாத் ஊரில் விதவையைப் பார்த்து வாய்திறந்தே கேட்டார், தண்ணீர் கொடு, அப்பம் கொடு என்று. அவள் இஸ்ரவேல் பெண்கூட இல்லை. எங்களுக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கும் அந்த அக்கா, அவ்வளவுதான்.

எல்லாம் கிடைத்தது என்று நான் பொய் சொல்லமாட்டேன். மகளுக்குக் கேட்ட போன் வரவே இல்லை. என் போனை அவளும் தம்பியும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, இரண்டு பேருமே பாதிப் பாடத்தைக் கோட்டைவிட்டார்கள். ஏன் கேஸ் வந்தது, போன் வரவில்லை என்று கேட்டால் மாமியாரிடமும் பதில் கிடையாது. நானும் தேடி எடுத்துவந்து சமாதானம் சொல்லப்போவதில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாடகைதான் பிரச்சினை என்றால் ஜெபித்துவிட்டு இன்றைக்கே வீட்டுக்காரரிடம் பேசுங்கள், மாதக் கடைசி வரை ஒளிந்துகொள்ள வேண்டாம். மலேசியாவில் இருந்தால் தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் 15999-க்கு அழைத்து, சமூகநல உதவிக்கு எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள். ஐசி (அடையாள அட்டை) நகல், வாடகை ரசீது இரண்டையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பப் பாரம் நிரப்புவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அந்த மாத வாடகையை அவரையே கட்டச் சொல்லுங்கள்.

மாமியார் இன்னும் ஐந்து மணிக்கு உட்காருகிறார். உங்களுக்காகவும் ஜெபிக்க வேண்டுமென்றால் கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம், தேவை என்னவென்று மட்டும் போதும். சத்தமாகத்தான் சொல்வார், அதற்குச் சம்மதம் என்றால் எழுதுங்கள்.