கைடிங் கிராஃப் துள்ளினால் எதைக் குறைப்பது?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் மொட்டை மாடியிலிருந்து தொலைநோக்கியால் வானத்தைப் படம் எடுக்கிறேன். பி.எச்.டி.2 (ஒரு நட்சத்திரத்தைக் கவனித்து, தொலைநோக்கி நழுவாமல் திருத்தும் கைடிங் மென்பொருள்) காட்டும் பிழை கிராஃப் ஓயாமல் மேலும் கீழும் துள்ளுகிறது. நட்சத்திரத்தைக் கவனிக்கும் கைடு கேமராவின் எக்ஸ்போஷரை அரை விநாடியாக்கி, அக்ரெஸிவ்னெஸை (பிழையில் எத்தனை சதவீதத்தைத் திருத்துவது என்ற அளவை) 100க்கு ஏற்றியும் நட்சத்திரங்கள் நீண்டுதான் விழுகின்றன. இனி எதை மாற்றுவது?

பதில்: முதலில் எக்ஸ்போஷரைக் கூட்டி, அக்ரெஸிவ்னெஸை இறக்குங்கள். அரை விநாடி எக்ஸ்போஷரில் கைடு கேமராவுக்குத் தெரிவது பெரும்பாலும் காற்றின் நடுக்கம்தான், மவுன்டின் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் கருவியின்) பிழை அல்ல. பகல் முழுக்க வெயில் வாங்கிய கான்கிரீட், இருட்டிய பிறகும் வெகுநேரம் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நடுக்கத்துக்கும் மவுன்டைத் தள்ளினால், அது நகர்வதற்குள் நட்சத்திரம் வேறு பக்கம் போயிருக்கும். இல்லாத பிழையைத் திருத்தப் போய்ப் புதுப் பிழை சேர்கிறது.

எக்ஸ்போஷர் 2 முதல் 3 விநாடி, ஆர்.ஏ. (வானத்தின் கிழக்கு-மேற்கு ஓட்டத்தைப் பின்தொடரும் அச்சு) அக்ரெஸிவ்னெஸ் 70 என்று தொடங்குங்கள். (ஹார்மோனிக் டிரைவ் என்ற பல்சக்கர அமைப்புள்ள மவுன்டுக்கு இது பொருந்தாது, அதற்கு 1 விநாடிபோல் வேண்டும்.) அப்புறம் பி.எச்.டி.2-இலேயே உள்ள கைடிங் அசிஸ்டென்ட் என்ற கருவியை ஓட விடுங்கள். அது திருத்தம் எதுவும் அனுப்பாமல் நட்சத்திரத்தை வெறுமனே கவனிக்கும். சில நிமிடம் பொறுத்திருந்தால், அன்றைய காற்றுக்கு ஏற்ற மினிமம் மூவ் அளவைச் சொல்லும். அதற்குக் கீழான அசைவுகளை மென்பொருள் கண்டுகொள்ளாது. என்னைக் கேட்டால், மாடியில் படம் எடுப்பவருக்கு இதைவிட முக்கியமான எண் வேறில்லை.

துருவ சீரமைப்பு (மவுன்டின் அச்சை வான துருவத்தை நோக்கி வைப்பது) எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் அதே கருவி காட்டும். பெங்களூரில் துருவ நட்சத்திரம் சுமார் 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது; பக்கத்து அபார்ட்மென்ட் மறைத்துவிட்டால் டிரிஃப்ட் அலைன் (வேறு நட்சத்திரங்கள் நழுவுவதைப் பார்த்துச் சீரமைக்கும் முறை) செய்யுங்கள். காலிபரேஷனை (மவுன்டைத் தள்ளினால் நட்சத்திரம் எப்பக்கம், எவ்வளவு நகர்கிறது என்று மென்பொருள் அளந்துகொள்வதை) வான நடுவரைக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் உள்ள கோட்டுக்கு) அருகே, வடக்கு-தெற்காக உச்சி வழியே போகும் உச்சிக்கோட்டை ஒட்டிச் செய்யுங்கள். நம் ஊரில் அந்த இடம் தெற்கே 77 டிகிரி உயரம். குளிர்காலமென்றால் ஓரியனின் இடுப்புப் பட்டை அங்கே வரும்போது செய்துவிடலாம்.

கிராஃபை வில்விநாடியில் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) பாருங்கள். படம் எடுக்கும் கேமராவின் பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206 ஆல் பெருக்கி, மி.மீ. கணக்கில் குவியத் தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சலின் அளவு வரும். 500 மி.மீ. தொலைநோக்கியில் 3.76 மைக்ரான் பிக்சலென்றால் சுமார் 1.55 வில்விநாடி. அப்படியென்றால் மொத்த ஆர்.எம்.எஸ். (கைடிங் பிழையின் சராசரி அளவு) 1 வில்விநாடிக்குள் இருந்தால் சரி, கோடு அழகாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

கிராஃப் அடங்கிய பிறகும் நட்சத்திரம் நீள்கிறதா? 1 நிமிடப் படத்தையும் 5 நிமிடப் படத்தையும் ஒப்பிடுங்கள். நீளம் ஒரே திசையில் நேரத்தோடு கூடினால், கைடு ஸ்கோப் (கைடு கேமரா பொருத்திய சிறு தொலைநோக்கி) மெல்ல வளைகிறது என்றே சந்தேகிப்பேன். அதற்கு மென்பொருளில் மருந்து இல்லை. கைடு ஸ்கோப் வளையத்தின் திருகுகளை இறுக்கி, தொங்கும் கேபிள்களை மவுன்டோடு சேர்த்துக் கட்டுங்கள்.