கடவுச்சொல் தம்பியிடம்

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியரான என் தந்தை காலமாகிப் பதினேழு மாதங்களாகின்றன. குடும்பப் படங்கள், கோயில் திருவிழாப் படங்கள், ஊரின் காணிப் பெயர்கள் பற்றிய குறிப்புகள் எல்லாவற்றையும் தமது கூகுள் கணக்கில் ஏற்றி வைத்திருந்தார். கடவுச்சொல் கனடாவிலுள்ள தம்பிக்கு மட்டுமே தெரியும். வளவுப் பிரச்சினைக்குப் பின் நாங்கள் கதைப்பதில்லை. இணையத்தில் ஏற்றியவை ஒருபோதும் அழியா என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: உண்மையன்று. பலர் தங்கள் சொந்தப் பக்கங்களை வைத்திருந்த ஜியோசிட்டீஸ் என்ற இணையத்தளத்தை யாகூ நிறுவனம் 2009 இல் மூடியபோது பல இலட்சம் பேரின் பக்கங்கள் மறைந்தன. அவற்றுள் எஞ்சியவை, யாரோ சிலர் முன்கூட்டியே படியெடுத்து வைத்தவைதாம். அழியாது என்று சொல்பவர்கள், பிறர் படியெடுத்துப் பரப்பிய வம்புகளை நினைத்துச் சொல்கிறார்கள். உங்கள் தந்தையின் குறிப்புகளை எவரும் பரப்பவில்லை.

இரண்டு ஆண்டுகள் எவரும் பயன்படுத்தாத தனிப்பட்ட கணக்குகளை, அவற்றிலுள்ள படங்களோடும் மின்னஞ்சல்களோடும் அழிக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 இல் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. அழிக்குமுன் வரும் அறிவித்தலும் அந்தக் கணக்குக்கும் அதன் மீட்பு மின்னஞ்சலுக்குமே போகும். தந்தையின் மறைவுக்குப் பின் தம்பி அதைத் திறந்தாரா? உங்களுக்குத் தெரியாது, கேட்டால்தானே தெரியும். திறக்கவில்லையென்றால் உங்களிடம் இருப்பது ஏழு மாதம், அதற்கும் குறைவாகவும் இருக்கலாம்.

இரண்டு பரப்புக் காணிக்காக மூன்று தலைமுறையின் முகங்களைப் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று நான் சொன்னால் கோபம் வரும், வரட்டும். அந்தியேட்டிக்கு வெளியிடும் நினைவு நூலான கல்வெட்டில் இருவர் பெயரையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டிருப்பீர்கள். கதைக்காமலிருப்பதைப் பெருமை போல ஒரு வரியில் எழுதிவிட்டு, இணையத்தின் ஆயுளைப் பற்றி என்னிடம் விசாரிக்கிறீர்கள். பிழை தம்பியுடையதாகவே இருக்கட்டும், மூத்தவர் நீங்கள். முதலில் பேச வேண்டியவரும் நீங்கள்தாம். வளவு வழக்கை நீதிமன்றம் எத்தனை ஆண்டுக்குப் பின்னும் தீர்த்து வைக்கும், அழிந்த கணக்கை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தராது.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறிடத்தில் பிரதி இருந்த நூல்களைத் தேடிச் சேர்க்க முடிந்தது. ஒரே ஒரு பிரதியாக இருந்த ஏட்டுச்சுவடிகள் போனது போனதுதான். இதை உங்கள் ஊரில் நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

இங்கே இரவு எட்டு மணி, டொரொன்டோவில் காலை. ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குத் தொலைபேசி எடுங்கள். வளவைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், அப்பாவின் படங்களை மட்டும் கேளுங்கள். கணக்கிலுள்ள அனைத்தையும் மொத்தமாக இறக்கிக்கொள்ள கூகுளே வழி வைத்திருக்கிறது. தம்பி அங்கிருந்தே செய்யலாம். ஒரு பிரதி அவரிடம், ஒன்று உங்களிடம் இருக்கட்டும். காணிப் பெயர்க் குறிப்புகளை மட்டும், ஈழத்து ஆவணங்களை 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்திடம் கொடுங்கள். சண்டை நடக்கும் உங்கள் வளவின் பழைய பெயரும் அதில் இருக்கக்கூடும்.