சிம் மாற்றுவது போல மின்சார நிறுவனத்தை மாற்ற முடிந்தால் கட்டணம் குறையுமா?

செல்போன் சிம்மை மாற்றுவது போல, பிடித்த நிறுவனத்திடம் மின்சாரம் வாங்கலாம் என்று வந்துவிட்டால் போட்டியில் கட்டணம் குறையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இதே எண்ணம் எனக்கு 2011-ல் வந்தது. உடுமலைக்கும் பல்லடத்துக்கும் நடுவில் ஒரு நூற்பாலையில் 19 வருஷம் மின்பிரிவைப் பார்த்துக்கொண்டவன் நான். அதில் மூன்று வருஷம், தினமும் காலையில் மின்சாரச் சந்தையில் விலை கேட்பதும் என் வேலையாக இருந்தது.

மறுமொழியில் யாராவது என்னைத் தனியார்மயத்துக்குக் கொடி பிடிப்பவன் என்றோ, யூனியன்காரன் என்றோ எழுதுவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். நான் இரண்டும் இல்லை. பட்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மொத்தமாக வாங்கி விற்கும் இடத்தில் போட்டி வந்தால் விலை குறையும். ஆனால் அந்த மின்சாரம் வந்து சேரக் கம்பி இருக்க வேண்டும். உங்கள் வீட்டு மீட்டரில் குறையுமா என்பது வேறு கணக்கு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

2003-ல் வந்த மின்சாரச் சட்டம்தான் இதற்கெல்லாம் தொடக்கம். அதற்கு முன்பு மின்சாரம் தயாரிப்பது, கடத்துவது, வீடுவீடாகக் கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் மாநில வாரியங்களின் கையில் இருந்தன. புதிய சட்டப்படி அனல்மின் நிலையம் வைக்க உரிமம் தேவையில்லை. 1 மெகாவாட்டுக்கு மேல் எடுக்கும் ஆலைகள் வெளியாரிடம் வாங்கலாம், ஊர்க் கம்பியில் அதைக் கொண்டுவர வாடகை கட்டினால் போதும். ஓப்பன் அக்சஸ் என்பது இதுதான். 2008-ல் மின்சாரத்துக்கென்றே இணையச் சந்தை தொடங்கியது. 2010 நவம்பரில் தமிழ்நாடு மின்சார வாரியத்தையும் பிரித்தார்கள். உற்பத்தியும் விநியோகமும் ஒரு நிறுவனம், மின்கடத்தல் இன்னொரு நிறுவனம். காகிதத்தில் பார்த்தால் போட்டிக்குத் தேவையான எல்லாம் தயார்.

எங்கள் பக்கம் நிலைமை வேறு. 2008 நவம்பரிலிருந்து உயரழுத்த மின் இணைப்பு உள்ள ஆலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு. மாலை 6 முதல் 10 வரை, ஒதுக்கியதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. 2012-ல் அறிவிப்பு இல்லாத வெட்டும் சேர்ந்துகொண்டது. நூற்பாலையில் கரண்ட் போனால் மின்விசிறி நிற்பது மாதிரி இல்லை. நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்த அத்தனை கதிர்களும் ஒரே நேரத்தில் நிற்கும், இழைகள் அறுந்து தொங்கும். கரண்ட் வந்த பிறகு சைடர் பிள்ளைகள், அதாவது அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண் தொழிலாளர்கள், ஒவ்வொரு இழையாக எடுத்து ஒட்ட வேண்டும். எங்கள் ஆலையில் 25 ஆயிரம் கதிர். வண்டி பழைய ஓட்டத்துக்கு வர ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் மறுபடியும் போய்விடும். ஜெனரேட்டரில் ஓட்டினால் யூனிட் 14 ரூபாய் வரைக்கும் போனது. 2013 ஜனவரியில் மொத்தமாக டீசல் வாங்குபவர்களுக்கு மானியத்தை எடுத்த பிறகு அதுவும் கட்டுப்படியாகவில்லை.

டீசல் அந்த நிலைக்கு வருவதற்கு முன்பே, 2011-ல், சந்தையில் வாங்குவோம் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன். சிறப்பு மீட்டர், தடையில்லாச் சான்று, முன்பணம் என்று நான்கு மாதம் அலைந்தோம். அதை விவரிக்க வேண்டாம், அலைந்தவர்களுக்குத் தெரியும்.

முறை இதுதான். காலை 10 மணிக்குச் சந்தை திறக்கும், 12 மணிக்கு மூடிவிடும். மறுநாளைக்கு எந்த நேரத்தில் எவ்வளவு வேண்டும், என்ன விலை வரைக்கும் கொடுப்போம் என்று அதற்குள் சொல்லிவிட வேண்டும். முதலில் மணிக்கணக்கில் கேட்டார்கள். 2012 ஏப்ரலில் 15 நிமிடத் துண்டுகளாக்கினார்கள், ஒரு நாளைக்கு 96 துண்டு. நாடு முழுவதிலும் விற்பவர்கள், வாங்குபவர்கள் எல்லோருடைய எண்களையும் சேர்த்து, இரண்டு பக்கமும் சந்திக்கும் இடத்தில் விலை நிற்கும். எல்லோருக்கும் அதே விலை. கேட்க எவ்வளவு நேர்மையான முறை பாருங்கள். இன்றைக்கும் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் அதற்கு அடுத்த படியில். நின்ற விலைப்படி வடக்கிலிருந்து தெற்கே வர வேண்டிய மின்சாரத்தைக் கம்பி தாங்காது என்றால், சந்தையை வட்டாரம் வட்டாரமாகப் பிரித்துவிடுவார்கள். சரக்கு மிஞ்சிய வட்டாரத்தில் விலை இறங்கும், பற்றாக்குறை வட்டாரத்தில் ஏறும். தமிழ்நாடும் கேரளமும் இருந்த வட்டாரத்துக்கு எஸ்2 என்று பெயர். மூன்று மணி வாக்கில் முடிவு வரும். வடக்கு, மேற்கு வட்டாரங்கள் 3 ரூபாய் சொச்சம், எஸ்2 மட்டும் 8, 9 என்று நிற்கும். ஒரே நாடு, ஒரே சந்தை, ஒரே கால் மணி நேரம். அந்த வித்தியாசப் பணம் விற்றவருக்கும் போகாது, சந்தை நடத்துபவருக்கும் போகாது, மின்தொகுப்பு, அதாவது ஊர்களை இணைக்கும் மின்கம்பி வலை, அதன் மேம்பாட்டுக்கான ஒரு நிதியில் சேரும்.

"ஏனுங் தம்பி, வடக்க மூணு ரூவாய்க்குக் கெடக்குதுங்கறீங்க. நம்மளுக்கு மட்டும் ஏன் ஒம்பது?" என்று முதலாளி கேட்டார்.

"சரக்கு இருக்குதுங்க. வர்றதுக்கு ரோடு இல்லீங்க" என்றேன்.

அன்றைக்கு அதுதான் உண்மை. தென் மாநிலங்களின் மின்தொகுப்பு அப்போது தனித் தீவு. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கோலாருக்கு வரும் நேர்மின்கம்பி, இன்னும் ஓரிரு நேர்மின் இணைப்புகள், அவ்வளவுதான் வாசல். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் சரிந்து பல மாநிலங்கள் இருண்டபோது தெற்கு தப்பியதும் இதே காரணத்தால்தான். அந்த இரண்டு நாளும் அது நமக்கு நல்லது. மற்ற நாளெல்லாம் இழப்பு.

இருக்கிற வாசலிலும் வரிசை உண்டு. நீண்டகால ஒப்பந்தக்காரர்களுக்கு முதல் பந்தி. அப்புறம் சில மாதங்களுக்கு ஒப்பந்தம் போட்டவர்கள். தினச்சந்தையில் வாங்கும் எங்களைப் போன்றவர்களுக்குக் கடைசிப் பந்தி. சாப்பிட உட்காரும்போது இலையில் ரசமும் மோரும்தான் இருக்கும். வாங்குபவர் நூறு பேர், விற்பவர் நூறு பேர் இருந்தும் நடுவில் இருக்கும் ஒரு கம்பிதான் விலையைத் தீர்மானித்தது.

2013 பிப்ரவரியில் ஒரு வாரம் பகலுக்கு எதுவுமே கிடைக்கவில்லை. இரவு 11 முதல் காலை 5 வரைதான் எங்கள் விலைக்குள் வந்தது. சரி என்று அந்த நேரத்துக்கு மட்டும் கேட்டு வாங்கினேன். செலவு குறைந்தது, முதலாளிக்குச் சந்தோஷம். இரண்டாம் நாள் இரவு நான் சப்ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். பத்தே முக்காலுக்கு, தொழிலாளர் பெண்கள் தங்கும் ஆலை ஹாஸ்டலில் மணி அடித்தது. பகலெல்லாம் வெட்டு காரணமாகச் சும்மா உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள், அப்போதுதான் படுத்தவர்கள், துப்பட்டாவைத் தலையில் கட்டிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். ஒரு பெண் கண்ணைத் திறக்காமலே முன்னால் போகிறவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் காலையில் கணினியில் போட்ட எண்ணுக்குத்தான் அவர்கள் எழுந்து வருகிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் முதலாளியிடம் பேசி, இரவில் வருபவர்களுக்கு மறுநாள் முழு ஓய்வும் முழுக் கூலியும் என்று ஏற்பாடு செய்தோம். ஆனால் அந்த வாரம் முழுக்க என்னால் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை.

2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பியில் தெற்கு இந்தியத் தொகுப்போடு இணைந்தது. மறுநாளே விலை விழுந்துவிடவில்லை. கம்பிகள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர, எஸ்2 விலை வருஷத்துக்கு வருஷம் மற்ற வட்டாரங்களை நெருங்கி வந்தது. சட்டம் வந்து பத்து வருஷத்தில் ஆகாத காரியத்தைக் கம்பி செய்தது. போட்டி, சீர்திருத்தம் என்று பேசுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கம்பியைப் பற்றித்தான்.

அந்தக் கம்பி சும்மா வருவதில்லை. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் ஒரு நேர்மின்பாதை போட்டார்கள், 6,000 மெகாவாட் கொண்டுவரும். அதிலிருந்தும் அதை ஒட்டிய திட்டங்களிலிருந்தும் கொங்குப் பகுதித் தோட்டங்கள் வழியாக வரிசையாகக் கோபுரங்கள் வந்தன. 2018-ல் விவசாயிகள் பல ஊர்களில் போராடினார்கள். என் மாமனார் தோட்டத்தின் மேல் ஒரு கம்பி போகிறது. கம்பிக்குக் கீழே தென்னை நிற்கக் கூடாது என்று 22 மரம் வெட்டினார்கள். இழப்பீடு வந்தது. ஆனால் அவர் இன்றும் அந்த வெட்டவெளிப் பக்கம் கட்டில் போடுவதில்லை. மலிவு மின்சாரம் வேண்டும் என்று கேட்ட எனக்கு அவரிடம் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இதற்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்ல வேண்டும். சந்தையில் எந்த நேரத்துக்குக் கேட்பது, எந்தத் துறையை எப்போது நிறுத்துவது என்று நான் நோட்டில் எழுதி வைத்த கணக்கை வைத்துத்தான் ஆலை அந்த மூன்று வருஷம் பிழைத்தது. பின்னாளில் ஆலோசகர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, அதையே ஆங்கிலத்தில் படம் படமாகப் போட்டுக் காட்டினார். கைதட்டல் அவருக்கு. அவர் வாங்கிய தொகை என் இரண்டு வருஷச் சம்பளம். டிப்ளமா படித்து, தமிழில் பேசி, கையில் டெஸ்டர் வைத்துக்கொண்டு நிற்பவனுக்கு எதுவும் தெரியாது என்ற எண்ணம் நம் தொழில் ஊர்களில் எப்போது போகுமோ தெரியவில்லை.

சரி, உங்கள் வீட்டு மீட்டருக்கு வருகிறேன்.

நாங்கள் வெளியில் வாங்கிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் உள்ளூர் விநியோக நிறுவனத்துக்கு ஒரு கூடுதல் கட்டணம் கட்டினோம். கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் என்பார்கள். ஆலைகள் அதிக விலை கொடுப்பதால்தான் வீடுகளுக்கும் விவசாயத்துக்கும் குறைவாகக் கொடுக்க முடிகிறது. நீ வெளியே போனால் அந்தக் குழியை நிரப்பிவிட்டுப் போ என்பது அதன் அர்த்தம். மாதாமாதம் பில்லில் அந்தக் கட்டணத்தைப் பார்த்து நான் திட்டாத நாள் இல்லை. எங்கள் அப்பா அதே நேரத்தில் மும்முனை மின்சாரம் ராத்திரி ஒரு மணிக்கு வரும் என்று டார்ச் எடுத்துக்கொண்டு கிணற்று மோட்டாரைப் போடப் போய்க்கொண்டிருந்தார். இலவச இணைப்பு. ஆலையில் உட்கார்ந்து நான் திட்டிய பணத்தில்தான் எங்கள் தோட்டத்து வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது. அது புரிந்த பிறகு திட்டுவதை விட்டேன். கட்டணம் அதிகம் என்று இன்றும் சொல்வேன், ஆனால் அதை ஒரேயடியாக எடுத்துவிடு என்று சொல்ல மாட்டேன்.

விவசாயிக்கு இலவசம் கொடுத்துத்தான் வாரியம் கெட்டது என்று நகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள், ஒரு நாள் அந்த ராத்திரி ஒரு மணி மின்சாரத்துக்காக வரப்பில் நடந்து பார்க்க வேண்டும்.

சிம் உவமை இங்கேதான் உடைகிறது. தொலைபேசியில் புது நிறுவனம் தன் கோபுரத்தை நட்டுக்கொள்ளும். மின்சாரத்தில் உங்கள் தெருவில் இருப்பது ஒரே கம்பி. எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் அதே மின்மாற்றி, அதே ஃபியூஸ், அதே லைன்மேன். மாறுவது பில் போடுகிறவரும் மொத்தமாக வாங்குகிறவரும் மட்டும்தான். நம் நாட்டிலேயே இதைச் செய்து பார்த்த ஊர் மும்பை. 2008-ல் டாடா பவர் மும்பையில் சில்லறையாகவும் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு புறநகர் வீடுகள், வீட்டுக்கு வரும் கம்பி ஒரு நிறுவனத்துடையது, மின்சாரம் இன்னொரு நிறுவனத்துடையது என்று மாற முடிந்தது. லட்சக்கணக்கானோர் மாறினார்கள். அதிகம் செலவழிக்கும் வாடிக்கையாளர்களே முதலில் போகிறார்கள், மிஞ்சியவர்கள் தலையில் சுமை ஏறுகிறது என்று புகார் வந்து, ஒழுங்குமுறை ஆணையம் மாறியவர்களுக்கும் கூடுதல் கட்டணம் போட வேண்டியதாயிற்று.

2022 ஆகஸ்டில் மக்களவையில் வந்த திருத்த மசோதாவும் ஒரே கம்பியில் பல நிறுவனங்கள் விற்கலாம் என்ற எண்ணத்தில் கொண்டுவந்ததுதான், நிலைக்குழுவுக்குப் போனது. என் கருத்தைக் கேட்டால், கம்பியைப் பொதுவில் வைத்துக்கொண்டு, மொத்தச் சந்தையை இன்னும் அகலமாகத் திறக்கலாம். வீட்டு மீட்டரில் போட்டி வைப்பதற்கு முன்னால், 100 யூனிட் வீட்டுக்கும் கிணற்று மோட்டாருக்கும் ஆகும் பணத்தை யார் கொடுப்பது என்று அரசு எழுத்தில் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் செய்தால், இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் எரிக்கிற உங்களைத் தேடி எந்தப் புது நிறுவனமும் வராது. என் பழைய ஆலையைத் தேடித்தான் வரும்.

நீங்கள் வீட்டுக்காக இல்லாமல் ஏதாவது சிறு தொழிலுக்காகக் கேட்டிருந்தால் விஷயம் வேறு. 2022-ல் வந்த பசுமை ஓப்பன் அக்சஸ் விதிப்படி, காற்றாலை, சூரிய மின்சாரம் வாங்க 100 கிலோவாட் ஒதுக்கீடு இருந்தால் போதும், 1 மெகாவாட் தேவையில்லை. உங்கள் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு, மாலை 6-லிருந்து 10 வரை எவ்வளவு எடுக்கிறீர்கள் என்று மறுமொழியில் எழுதுங்கள். கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.